டேட்டாவெர்ஸ் – ஆப் சர்வீஸ் வெப் ஆப் இணைப்பு: ஃப்ளோ போதுமா, நேரடி ஏபிஐயா?

கேள்வி: மேகத்தட்டு

வணக்கம். அசூர் ஆப் சர்வீஸில் (மைக்ரோசாஃப்ட் மேகத்தில் வெப் ஆப் ஓட்டும் சேவை) ஒரு வெப் ஆப் ஓடுகிறது. டாட்நெட் கோர், பின்னால் அசூர் எஸ்க்யூஎல். வாடிக்கையாளர்கள் பழுதுபார்ப்புக் கோரிக்கைகளை அதில் பதிகிறார்கள். அலுவலக ஊழியர்கள் வேலை பார்ப்பதோ டேட்டாவெர்ஸ் (பவர் பிளாட்ஃபார்மின் தரவுத்தளம்) மேல் கட்டிய மாடல் டிரிவன் ஆப்பில் (டேபிள்களை வைத்து அமையும் பவர் ஆப்ஸ் வகை). இரண்டுக்கும் நடுவே இப்போது எக்ஸெல்தான் போய்வருகிறது. தேவை இவ்வளவு:

- வெப் ஆப்பில் பதிவாகும் கோரிக்கை ஓரிரு நிமிடத்தில் டேட்டாவெர்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும்.
- ஊழியர் டேட்டாவெர்ஸில் நிலையை மாற்றினால், வெப் ஆப்பில் வாடிக்கையாளருக்கு அது தெரிய வேண்டும்.
- கேன்வாஸ் ஆப்பில் (திரையை நாமே வரையும் பவர் ஆப்ஸ் வகை) ஒரு பொத்தான். அழுத்தினால் வெப் ஆப்பில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பீட்டு ஏபிஐ ஓடி, தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

இவை போக, 2 லட்சம் பழைய கோரிக்கைகளை ஒருமுறை ஏற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் பவர் ஆட்டோமேட்டிலேயே முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை. வெப் ஆப் அங்கே அமைக்கும் ஃப்ளோவின் (தானியங்கி வேலையின்) எச்டிடிபி டிரிகரை அழைக்கும், ஃப்ளோ பதிவை உருவாக்கும். இது போதுமா, டேட்டாவெர்ஸின் வெப் ஏபிஐயை நேரடியாக அழைப்பது நல்லதா? லாகினுக்கு ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் போட்டு, பாஸ்வேர்டை ஆப் செட்டிங்கில் வைக்கலாமா?

பதில்: பின்முனை

கடைசிக் கேள்விக்கு முதலில்: வேண்டாம். சாதாரணப் பயனர் கணக்கை இதற்குப் போட்டால் லைசென்ஸ் ஒன்று வீண். பல அடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமாகும் நாளில் இணைப்பும் அறுந்துபோகும். டேட்டாவெர்ஸில் இதற்கென்றே அப்ளிகேஷன் யூசர் என்று ஒரு வகை இருக்கிறது. அதற்கு லைசென்ஸும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

ஃப்ளோவும் முதல் தேவைக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்களிடம் சர்வர் கோடு ஏற்கெனவே இருக்கிறது. நடுவில் ஃப்ளோ வந்தால் பிழையை இரண்டு இடத்தில் தேட வேண்டும், எச்டிடிபி டிரிகர் பிரீமியம் வகை, அதன் யூஆர்எல்லில் இருக்கும் கையொப்பத்தைத் தெரிந்துகொண்டவர் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் (டெனன்ட்டுக்குள், அதாவது உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் என்று கட்டுப்படுத்த வழி உண்டு, பலர் செய்வதில்லை).

இணைப்பை இப்படிச் செய்யுங்கள்:

1. யூசர் அசைன்டு வகை மேனேஜ்டு ஐடென்டிட்டி (பாஸ்வேர்டு இல்லாமல் ஆப்புக்கு அசூர் தரும் அடையாளம்) ஒன்றை உருவாக்கி ஆப் சர்வீஸுடன் சேருங்கள். சிஸ்டம் அசைன்டு வகையும் வேலை செய்யும். ஆனால் ஸ்டேஜிங் ஸ்லாட் (புதிய கோடைச் சோதித்து, பிறகு புரொடக்‌ஷனோடு மாற்றிக்கொள்ளும் இடம்) வைத்திருந்தால் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி ஐடென்டிட்டி இருக்கும், ஸ்வாப் செய்யும்போது அது கூடவே நகராது. ஸ்டேஜிங்கில் ஓடிய கோடு ஸ்வாப்புக்குப் பிறகு 403 (அனுமதி இல்லை) தருகிறது என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான்.
2. அதன் கிளையன்ட் ஐடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்ஜெக்ட் ஐடி வேறு, இது வேறு. சிஸ்டம் அசைன்டு வகையில் ஆப் சர்வீஸின் ஐடென்டிட்டி பக்கம் ஆப்ஜெக்ட் ஐடியை மட்டும்தான் காட்டும். கிளையன்ட் ஐடிக்கு என்ட்ராவில் (மைக்ரோசாஃப்ட்டின் லாகின், அடையாளச் சேவை) என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் தேட வேண்டும்.
3. பவர் பிளாட்ஃபார்ம் அட்மின் சென்டரில் உங்கள் என்விரான்மென்ட்டைத் திறந்து, செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ், அப்ளிகேஷன் யூசர்ஸ் வழியே போய், புதிய ஆப் யூசராக அந்தக் கிளையன்ட் ஐடியைச் சேருங்கள். டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்‌ஷன் மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.
4. அதற்கெனத் தனி செக்யூரிட்டி ரோல் செய்யுங்கள். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் ரோலைக் கொடுத்துவிட்டு, பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது குறையவே குறையாது.
5. டோக்கன் கேட்கும்போது ஸ்கோப் என்பது உங்கள் என்விரான்மென்ட்டின் யூஆர்எல், அதன் பின்னால் சாய்கோடு, புள்ளி, டிஃபால்ட். என்ட்ராவில் ஏபிஐ பெர்மிஷன் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அங்கே தெரியும் யூசர் இம்பர்சனேஷன் என்பது, ஆள் லாகின் செய்து வரும் டெலிகேட்டட் வழிக்கானது.

எது தவறினால் எந்தப் பிழை வரும் என்று தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சம். 401 (டோக்கன் ஏற்கப்படவில்லை) வந்தால் டோக்கனைப் பிரித்து ஆடியன்ஸ் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வேறு யூஆர்எல் இருக்கும். 403 வந்து, பயனர் இந்த ஆர்கனைசேஷனின் உறுப்பினர் அல்ல என்ற செய்தி இருந்தால், படி 3 அந்த என்விரான்மென்ட்டில் நடக்கவில்லை. 403 உடன் ஒரு பிரிவிலெஜின் பெயர் வந்தால் ரோலில் குறை.

இன்னொன்று. உங்கள் லேப்டாப்பில் மேனேஜ்டு ஐடென்டிட்டி கிடையாது. டிஃபால்ட் அசூர் கிரெடென்ஷியல் அங்கே விஷுவல் ஸ்டுடியோவில் லாகின் ஆகியிருக்கும் உங்கள் சொந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளும், அதற்கு எல்லா உரிமையும் இருக்கும். ஆகவே லோக்கலில் ஓடியது என்பதால் ரோல் சரி என்று முடிவு கட்ட முடியாது.

இனி பதிவை எழுதும் விதம். கோரிக்கை டேபிளில் வெப் ஆப்பின் கோரிக்கை எண்ணுக்கு ஒரு புலம் வைத்து, அதை ஆல்டர்நேட் கீ (பதிவை அடையாளம் காட்டும் மாற்றுத் திறவுகோல்) ஆக்குங்கள். பிறகு எப்போதும் அந்தக் கீயை வைத்து எச்டிடிபி பேட்ச் (PATCH) அழைப்பு மட்டும் செய்யுங்கள். பதிவு இல்லையென்றால் உருவாகும், இருந்தால் மாறும். நெட்வொர்க் நடுவில் அறுந்து அதே அழைப்பு இரண்டாம் முறை போனாலும் இரட்டைப் பதிவு வராது. போஸ்ட் செய்தால் வரும்.

கோரிக்கை எண்ணின் வடிவத்தைப் பாருங்கள். அதில் சாய்கோடு, நட்சத்திரக் குறி, கூட்டல், முக்காற்புள்ளி போன்ற குறிகள் இருந்தால் கீ வழியாக எடுக்கவும் மாற்றவும் முடியாது. ஆண்டு, சாய்கோடு, வரிசை எண் என்ற வடிவம் பல இடங்களில் இருக்கிறது. சாய்கோட்டைச் சிறுகோடாக்கி அனுப்புங்கள். கீயைச் சேமித்தவுடன் அது இயங்காது, பின்னணியில் இண்டெக்ஸ் உருவாகி ஆக்டிவ் என்று மாறும்வரை பொறுக்க வேண்டும். அந்தப் புலம் காலியாக இருந்தால் தனித்தன்மை சரிபார்க்கப்படாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வெப் ஆப் பக்கத்தில், பயனர் சேமி என்று அழுத்தும் அதே நொடியில் டேட்டாவெர்ஸை அழைக்காதீர்கள். கோரிக்கை எழுதும் அதே எஸ்க்யூஎல் டிரான்சாக்‌ஷனில் ஒரு அவுட்பாக்ஸ் டேபிளிலும் ஒரு வரி எழுதுங்கள். பின்னணி வேலை அதை எடுத்து அனுப்பட்டும். இதற்கு ஆப் சர்வீஸில் ஆல்வேஸ் ஆன் இயக்கத்தில் இருக்க வேண்டும், அது பேசிக் பிளானிலிருந்துதான் உண்டு. இல்லையென்றால் 20 நிமிடம் யாரும் வராதபோது ஆப் தூங்கிவிடும், பின்னணி வேலையும் சேர்ந்து தூங்கும். இரண்டு இன்ஸ்டன்ஸ் ஓடினால் இரண்டிலும் அதே பின்னணி வேலை ஓடும். ஒரே வரியை இருவரும் எடுக்காதபடி, எடுக்கும்போதே பூட்டிவிட்டு, பூட்டிய வரிகளைத் தாண்டிப் போகும்படி குவெரி எழுதுங்கள்.

பதில்: சாய்கோடு

பின்முனை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இரண்டாவது தேவைக்கு வருகிறேன். டேட்டாவெர்ஸிலிருந்து வெளியே செய்தி அனுப்ப மூன்று வழி: ஃப்ளோ, வெப்ஹூக், சர்வீஸ் பஸ். நான் சொல்வது சர்வீஸ் பஸ் (அசூரின் செய்தி வரிசைச் சேவை) கியூ.

வெப்ஹூக் என்றால் டேட்டாவெர்ஸ் உங்கள் ஆப்பின் யூஆர்எல்லை நேரே அழைக்கும். அந்த நேரத்தில் நீங்கள் டிப்ளாய் செய்துகொண்டிருந்தால், அல்லது ஆப் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தால், அந்த மாற்றம் சிஸ்டம் ஜாப்ஸ் பட்டியலில் தோல்வி என்று ஒரு வரியாகக் கிடக்கும். அதைத் தினமும் திறந்து பார்க்க ஆள் வேண்டும். கியூவில் விழுந்த செய்தி உங்கள் ஆப் எழுந்து வரும்வரை காத்திருக்கும்.

செய்முறை: சர்வீஸ் பஸ்ஸில் ஒரு கியூ உருவாக்கி, அனுப்பும் உரிமை மட்டும் உள்ள ஷேர்டு ஆக்சஸ் பாலிசி ஒன்று போடுங்கள். பிளகின் ரெஜிஸ்ட்ரேஷன் டூலில் சர்வீஸ் எண்ட்பாயின்ட் ஆக அதன் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கைக் கொடுத்து, வகை கியூ, செய்தி வடிவம் ஜேசன் என்று தேர்ந்தெடுங்கள். பிறகு கோரிக்கை டேபிளின் அப்டேட் நிகழ்வுக்கு அசிங்க்ரனஸ் ஸ்டெப் ஒன்று. ஃபில்டரிங் ஆட்ரிப்யூட்ஸ் பகுதியில் நிலைப் புலத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதைத் தொடாமல் விட்டால் எல்லாப் புலமும் தேர்வானதாகக் கொள்ளப்படும். ஊழியர் ஒரு குறிப்பைத் திருத்தினாலும் செய்தி பறக்கும்.

இங்கேதான் சுற்றிச்சுற்றி ஓடும் வட்டம் உருவாகிறது. வெப் ஆப் எழுதும், அந்த எழுத்தே செய்தியாகத் திரும்பி வரும், வெப் ஆப் அதைப் பார்த்து மீண்டும் எழுதும். இரண்டு தடுப்பும் போடுங்கள். செய்தியில் இனிஷியேட்டிங் யூசர் ஐடி இருக்கும். அது உங்கள் அப்ளிகேஷன் யூசருடையது என்றால் விட்டுவிடுங்கள். அடுத்தது, வந்த மதிப்பும் இருக்கும் மதிப்பும் ஒன்றானால் எதையும் எழுதாதீர்கள். இரண்டாவது தடுப்பை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம். நாளை வேறொரு இணைப்பு அதே டேபிளில் எழுதத் தொடங்கினால் அதுதான் காப்பாற்றும்.

செய்தியை வாசல் மணியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மதிப்புகளை நம்பி எழுத வேண்டாம். அசிங்க்ரனஸ் ஸ்டெப்கள் வரிசையாக வரும் என்று உத்தரவாதம் இல்லை. 'முடிந்தது' முதலிலும் 'நடைபெறுகிறது' பின்னாலும் வரலாம். பதிவின் ஐடியை எடுத்து, டேட்டாவெர்ஸில் இப்போதைய நிலையைப் படித்து அதை எழுதுங்கள். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் இந்த முறையில் கெடுதல் இல்லை.

கியூவில் செய்தியை எடுத்ததும் பூட்டு விழும். அதன் நேரம் அதிகபட்சம் 5 நிமிடம். அதற்குள் முடித்ததாகச் சொல்லாவிட்டால் செய்தி திரும்பக் கியூவுக்கு வரும். இயல்பு அமைப்பில் 10 முறை இப்படி ஆனால் டெட் லெட்டர் கியூவுக்கு (தோற்ற செய்திகள் ஒதுங்கும் இடம்) போய்விடும். அந்தக் கியூவின் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டினால் அலர்ட் வரும்படி வையுங்கள். இந்த ஏற்பாடு முழுவதிலும் கண் வைக்க வேண்டிய ஒரே எண் அதுதான்.

கடைசிப் பாதுகாப்பாக, கோரிக்கை டேபிளில் சேஞ்ச் டிராக்கிங்கை இயக்கி, இரவில் ஒருமுறை டெல்டா லிங்க் (கடைசியாகக் கேட்ட பிறகு மாறியவற்றைத் தரும் இணைப்பு) வழியே மாறியவற்றை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். இயல்பாக 7 நாள் மாற்றங்கள் வரைதான் வைத்திருக்கும். அதைவிடப் பழைய டெல்டா லிங்க்கை வைத்துக்கொண்டு போனால் பயனில்லை, முழு டேபிளையும் திரும்பப் படிக்க வேண்டும். இந்த வகை அழைப்பில் ஃபில்டர், ஆர்டர் பை, எக்ஸ்பேண்ட், டாப் எதுவும் போட முடியாது. தேவையானதைப் பெற்ற பிறகு நீங்களே வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

பதில்: நாலாம்வரி

ஒரு மாற்றுக் கருத்து. நாளுக்குச் சில நூறு நிலை மாற்றம்தான் என்றால் சர்வீஸ் பஸ் அதிகப்படி. வெப்ஹூக் போதும். வெப்ஹூக் வந்ததும் செய்தியை உங்கள் எஸ்க்யூஎல்லில் ஒரு டேபிளில் போட்டுவிட்டு உடனே 200 திருப்பிவிடுங்கள், வேலையைப் பிறகு செய்யுங்கள். 60 நொடிக்குள் பதில் வரவில்லை என்றால் டேட்டாவெர்ஸ் தோல்வியாக எடுத்துக்கொள்ளும். செய்தி 256 கிலோபைட்டைத் தாண்டினால் இன்புட் பாராமீட்டர்ஸும் முன்பின் இமேஜ்களும் வெட்டப்பட்டு வரும், ஆனால் ஐடி இருக்கும். சாய்கோடு சொன்னபடி திரும்பப் படிப்பதாக இருந்தால் அதுவே போதும். இரவு ஒப்பீடு எப்படியும் இருக்கப்போகிறது. விட்டுப்போனது காலையில் சேர்ந்துவிடும்.

சாய்கோடு

காலைவரை வாடிக்கையாளர் பழைய நிலையைப் பார்த்தால் பரவாயில்லை என்றால் சரிதான். பார்த்துவிட்டு அவர் போன் செய்வார் என்றால் கியூ மலிவு.

மேகத்தட்டு

மூவருக்கும் நன்றி. கியூவே வைத்துக்கொள்கிறேன். அப்ளிகேஷன் யூசர் வரை ஆகிவிட்டது. இப்போது இரண்டு சிக்கல்.

ஒன்று, தனிக் கோரிக்கையை எழுத முடிகிறது. ஆனால் வாடிக்கையாளர் லுக்கப்பையும் சேர்த்து அனுப்பினால் ஒருமுறை 400, அதைச் சரிசெய்தால் 403. ரோலில் கோரிக்கை டேபிளுக்கு கிரியேட், ரீட், ரைட் மூன்றும் இருக்கின்றன.

இரண்டு, மதிப்பீட்டு ஏபிஐக்குக் கஸ்டம் கனெக்டர் (சொந்த ஏபிஐயைப் பவர் ஆப்ஸுடன் இணைக்கும் பாலம்) போட்டேன். டெஸ்ட் பக்கத்தில் 200 வருகிறது, ஆனால் உள்ளே ஜேசனுக்குப் பதில் எச்டிஎம்எல் பக்கம். கேன்வாஸ் ஆப்பில் வெறும் பிழை. ஆப் சர்வீஸில் ஆத்தென்டிகேஷன் இயக்கத்தில் இருக்கிறது.

பதில்: பின்முனை

முதலாவது. லுக்கப்பை அனுப்பும்போது புலத்தின் பெயரோடு அட் குறி, ஓடேட்டா, புள்ளி, பைண்ட் சேர்த்து எழுதுகிறீர்கள். அந்த இடத்தில் வர வேண்டியது நேவிகேஷன் பிராப்பர்ட்டியின் பெயர். நீங்கள் உருவாக்கிய புலங்களுக்கு அது பெரும்பாலும் ஸ்கீமா நேம், பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கும். முழுவதும் சிறிய எழுத்தில் இருக்கும் லாஜிக்கல் நேமைப் போட்டால், அறிவிக்கப்படாத பிராப்பர்ட்டி என்று 400 வரும். படிக்கும்போதோ அதே லுக்கப், முன்னால் அடிக்கோடும் பின்னால் அடிக்கோடு வேல்யூ என்றும் ஒட்டி, சிறிய எழுத்தில் வரும். இரண்டையும் ஒரே மாடல் கிளாஸில் அடைக்கப் பார்க்காதீர்கள், படிக்க ஒன்று, எழுத ஒன்று என வையுங்கள்.

403க்குக் காரணம் அப்பெண்ட், அப்பெண்ட் டு. ஒரு பதிவை இன்னொன்றுடன் இணைக்க, இணையும் டேபிளில் அப்பெண்டும் (உங்கள் கோரிக்கை), இணைக்கப்படும் டேபிளில் அப்பெண்ட் டுவும் (வாடிக்கையாளர்) வேண்டும். வாடிக்கையாளர் டேபிளுக்கு ரீட் உரிமையும் கொடுங்கள்.

சாய்ஸ் புலங்களில் எண் மட்டும்தான் போகும், வரும். வாடிக்கையாளருக்குக் காட்ட எழுத்து வடிவம் வேண்டுமென்றால், ஃபார்மேட்டட் வேல்யூ அனோட்டேஷனைக் கேட்கும் பிரிஃபர் ஹெடரைச் சேருங்கள். வெப் ஆப்பில் எண்ணுக்கு எழுத்து என்று தனிப் பட்டியல் வைத்தால், அட்மின் புதிய நிலை ஒன்றைச் சேர்க்கும் நாளில் வெற்றிடம் தெரியும்.

பதில்: சாய்கோடு

எச்டிஎம்எல் வருவது லாகின் பக்கம். ஆப் சர்வீஸ் ஆத்தென்டிகேஷனில், அங்கீகாரம் இல்லாத அழைப்புக்கு 302 கொடுத்து லாகின் பக்கத்துக்குத் திருப்பும் தெரிவு போட்டிருப்பீர்கள். பிரவுசருக்கு அது சரி. கனெக்டர் அந்தத் திருப்பலைப் பின்தொடர்ந்து போய் லாகின் பக்கத்தை 200 ஆகப் பெற்றுக்கொள்கிறது. அந்தத் தெரிவை 401 ஆக மாற்றுங்கள். உண்மையான பிழை அப்போதுதான் வெளியே வரும். அதே ஆப்பில் மனிதர்கள் பார்க்கும் பக்கங்களும் இருப்பதால், ஏபிஐயைத் தனி ஆப் சர்வீஸாகப் பிரித்துவிடுவது சுலபம். ஒரே பிளானில் இரண்டு ஆப் ஓட்டலாம், கூடுதல் கட்டணம் இல்லை.

401 வெளியே வந்த பிறகு பார்க்க வேண்டியவை, இதே வரிசையில்:

டோக்கனின் பதிப்பு. ஏபிஐக்கான ஆப் ரெஜிஸ்ட்ரேஷனின் மேனிஃபெஸ்ட்டில் டோக்கன் பதிப்பைச் சொல்லும் இடம் காலியாக இருந்தால் பதிப்பு 1 வரும். பதிப்பு 1இல் ஆடியன்ஸ் பகுதியில் உங்கள் அப்ளிகேஷன் ஐடி யூஆர்ஐ இருக்கும், பதிப்பு 2இல் வெறும் கிளையன்ட் ஐடி. இஷ்யூயரும் இரண்டில் வேறு வேறு. சரிபார்க்கும் பக்கம் பதிப்பு 2ஐ எதிர்பார்த்து, வருவது 1ஆக இருந்தால் எல்லாம் சரியாகத் தெரிந்தும் 401 வரும். மேனிஃபெஸ்ட்டில் 2 என்று வைத்து, அனுமதிக்கப்பட்ட ஆடியன்ஸ் பட்டியலில் இரண்டு வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, யாரிடமிருந்து வரும் டோக்கனை ஏற்பது என்ற தெரிவு. இந்த ஆப்பே வாங்கிய டோக்கன் மட்டும் என்று இருந்தால் கனெக்டருக்கு 403தான். கனெக்டருக்கெனத் தனி ஆப் ரெஜிஸ்ட்ரேஷன் வைத்து, அதன் கிளையன்ட் ஐடியை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். ஏபிஐக்கும் கனெக்டருக்கும் ஒரே ரெஜிஸ்ட்ரேஷனைப் போட்டு ஓட்டவும் முடியும். ஆனால் கனெக்டரின் சீக்ரெட்டை மாற்றும்போது எது உடையும் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு ரீடைரக்ட் யூஆர்எல். கனெக்டரைச் சேமித்த பிறகுதான் அது தெரியும். இப்போதெல்லாம் ஒவ்வொரு கனெக்டருக்கும் தனி யூஆர்எல் வருகிறது. பழைய வழிகாட்டிகளில் இருக்கும் பொதுவான யூஆர்எல்லை நம்பாமல், உங்கள் திரையில் காட்டுவதை அப்படியே எடுத்து ரெஜிஸ்ட்ரேஷனில் சேருங்கள்.

கனெக்டரின் வரையறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓப்பன் ஏபிஐ 2.0 வடிவம்தான் வேண்டும். டாட்நெட்டில் ஸ்வாஷ்பக்கிள் இயல்பாக 3 தரும், 2ஆக வெளியிடும் தெரிவை இயக்குங்கள். கோப்பு 1 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். எல்லா எண்ட்பாயின்ட்டையும் கொட்டாமல், ஆப்புக்கு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் தனி ஆவணமாக எடுங்கள். ஆபரேஷன் ஐடியை ஒருமுறை நன்றாக யோசித்து வையுங்கள். பவர் ஆப்ஸ் ஃபார்முலாவில் ஃபங்ஷன் பெயராக வருவது அதுதான், பிறகு மாற்றினால் பயன்படுத்தும் ஆப் எல்லாம் உடையும். ரெஸ்பான்ஸ் ஸ்கீமாவைக் காலியாக விட்டால் கேன்வாஸ் ஆப்புக்குத் தொகை கிடைக்காது, வெறும் ட்ரூ கிடைக்கும்.

கார்ஸ் (பிரவுசர் வேறு டொமைனை அழைக்க அனுமதிக்கும் அமைப்பு) தொட வேண்டாம். கஸ்டம் கனெக்டரின் அழைப்பு பிரவுசரிலிருந்து உங்கள் ஆப்புக்கு நேராக வருவதில்லை, மைக்ரோசாஃப்ட்டின் கனெக்டர் சர்வர் வழியாக வருகிறது. ஐபி கட்டுப்பாடு வைத்திருந்தால் அசூர் கனெக்டர்ஸ் என்ற சர்வீஸ் டேகை அனுமதியுங்கள். மாடல் டிரிவன் ஆப்பில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதி ஏபிஐயை அழைத்தால் மட்டும் கார்ஸ் தேவைப்படும். அப்போது ஆப் சர்வீஸ் பக்கத்திலும் கோடிலும் இரண்டு இடத்தில் போடாதீர்கள், ஆப் சர்வீஸின் அமைப்பு வென்றுவிடும்.

பதில்: நாலாம்வரி

மதிப்பீடு எவ்வளவு நேரம் ஓடும்? அதைச் சொல்லவில்லை. ஃப்ளோவிலிருந்து அழைத்தால் 120 நொடி வரம்பு. ஆப் சர்வீஸே 230 நொடிக்கு மேல் ஒரு அழைப்பைத் திறந்து வைத்திருக்காது. நீளும் வேலை என்றால் 202 கொடுத்து, லொக்கேஷன் ஹெடரில் நிலை பார்க்கும் யூஆர்எல்லைத் தாருங்கள். ஃப்ளோ தானாகத் திரும்பத் திரும்பக் கேட்டு முடிவை வாங்கிக்கொள்ளும். கேன்வாஸ் ஆப்பிலிருந்து நேரே அழைப்பதானால் வேலை எண் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, டைமர் வைத்து இன்னொரு ஆக்‌ஷனால் கேட்கச் செய்யுங்கள். ஃப்ளோ 429க்கும் (வரம்பு மீறல்) 500 வரிசைப் பிழைகளுக்கும் தானே மறுமுயற்சி செய்யும் என்பதால், ஒரே அழைப்பு இரண்டு முறை வந்தாலும் ஒரே மதிப்பீடுதான் உருவாக வேண்டும்.

கனெக்டரின் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் நிமிடத்துக்கு 500 அழைப்பு வரம்பு. பொத்தானுக்கு இது தாராளம். கேலரியின் ஒவ்வொரு வரியிலும் ஏபிஐயை அழைத்தால் போதாது. கஸ்டம் கனெக்டர் பிரீமியம் வகை, அந்தக் கேன்வாஸ் ஆப்பைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அதற்குரிய லைசென்ஸ் வேண்டும். டிஎல்பி பாலிசியில் (எந்தக் கனெக்டர்களைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்ற விதி) உங்கள் கனெக்டரும் டேட்டாவெர்ஸும் ஒரே குழுவில் இருக்கின்றனவா என்று அட்மினிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

பதில்: பின்முனை

2 லட்சம் பதிவு பாக்கி இருக்கிறதே.

டேட்டாவெர்ஸின் பாதுகாப்பு வரம்புகள் ஒரு பயனருக்கு, ஒரு வெப் சர்வருக்கு, 5 நிமிட நகரும் சாளரத்தில் கணக்கிடப்படும்: 6,000 அழைப்பு, மொத்தம் 20 நிமிட இயக்க நேரம், ஒரே நேரத்தில் 52 அழைப்பு. ஒவ்வொரு பதிவாக அனுப்பினால் ஒரு சர்வர் கணக்கில் 2 லட்சத்துக்கு 34 சாளரம், சுமார் 3 மணி நேரம். எல்லோரும் 6,000ஐத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் பெரிய ஏற்றங்களில் முதலில் இடிப்பது இயக்க நேரம். 5 நிமிடத்தில் 20 நிமிடம் என்றால், சராசரியாக 4 அழைப்புகள் இடைவிடாமல் ஓடினாலே வரம்பைத் தொட்டுவிடும். பிளகின்கள் கனமாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அப்சர்ட் மல்டிபிளைப் (பல பதிவுகளை ஒரே அழைப்பில் உருவாக்கவோ மாற்றவோ செய்வது) பயன்படுத்துங்கள். ஒரு அழைப்பில் 100 பதிவு என்று தொடங்கி, நேரம் பார்த்துக் கூட்டுங்கள். 2 லட்சம் என்பது 2,000 அழைப்பாகிவிடும். சாதாரண டேபிளில் அந்த 100இல் ஒன்று தவறினால் நூறும் திரும்பிவிடும் என்பதால், தோல்வியடைந்த கட்டைப் பாதி பாதியாகப் பிரித்து அனுப்பும் கோடு எழுதுங்கள், குற்றவாளி பதிவு தனியே மாட்டும். பல அழைப்புகளை ஒரே கட்டாக அனுப்பும் பேட்ச் (batch; மேலே சொன்ன PATCH அல்ல) அழைப்பில் 1,000 வரை அடைக்கலாம், ஆனால் உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் ஓடும். இத்தனை பெரிய ஏற்றத்துக்கு அது அவ்வளவு வேகம் தராது.

429 வந்தால் ரீட்ரை ஆஃப்டர் ஹெடரில் இருக்கும் நொடிகள் பொறுத்து, அப்புறம் அனுப்புங்கள். நீங்களாக 5 நொடி, 10 நொடி என்று போட்டால் இடைவிடாமல் தட்டுவதாகக் கணக்காகி, அந்த நேரம் இன்னும் நீளும். எத்தனை இணை அழைப்பு உகந்தது என்று பதிலில் ஒரு குறிப்பு ஹெடரும் வரும், அதைப் பின்பற்றுவது நல்லது. சர்வீஸ் கிளையன்ட்டில் (டேட்டாவெர்ஸுக்கான டாட்நெட் நூலகம்) அஃபினிட்டி குக்கியை (எல்லா அழைப்பையும் ஒரே சர்வருக்கு அனுப்புவது) அணைத்தால் சுமை பல சர்வருக்குப் பிரியும். வரம்பு ஒரு சர்வருக்கு என்பதால் மொத்த வேகம் கூடும். சாதாரண ஓட்டத்தில் அதை அணைக்க வேண்டாம்.

வெப் ஆப்பிலிருந்தே ஏற்றினால், எச்டிடிபி கிளையன்ட்டை ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப் சர்வீஸின் ஒரு இன்ஸ்டன்ஸுக்கு முன்கூட்டி ஒதுக்கப்படுவது 128 எஸ்நாட் போர்ட்தான் (வெளியே போகும் இணைப்புகளுக்கான போர்ட்). அது தீர்ந்தால் டேட்டாவெர்ஸ் மெதுவாக இருப்பது போலத் தெரியும், பிழை அங்கே இருக்காது.

ஏற்றும் முன் சாய்கோடு சொன்ன அந்த ஸ்டெப்பை டிசேபிள் செய்யுங்கள். கிரியேட்டுக்கு அது ஓடாது என்றாலும், இரண்டாம் முறை ஏற்றும்போது எல்லாம் அப்டேட்டாக மாறும். 2 லட்சம் செய்தி கியூவில் குவியும்.

மேகத்தட்டு

மதிப்பீடு 10 நொடிக்குள் முடியும், ஆகவே நேரடி அழைப்பே வைக்கிறேன். 401க்கு மாற்றியதும் டோக்கன் பதிப்புதான் காரணம் என்று தெரிந்தது, சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: டெவலப்மென்ட்டிலிருந்து புரொடக்‌ஷனுக்கு எடுத்துப்போகும்போது கனெக்டர், ஃப்ளோ, ஆப் மூன்றையும் ஒரே சொல்யூஷனில் வைக்கலாமா?

பதில்: சாய்கோடு

கனெக்டரைத் தனி சொல்யூஷனில் வையுங்கள். புரொடக்‌ஷனில் முதலில் அதை இம்போர்ட் செய்து, பிறகு ஆப், ஃப்ளோ, கனெக்‌ஷன் ரெஃபரன்ஸ் இருக்கும் சொல்யூஷனை இம்போர்ட் செய்யுங்கள். ஒன்றாக வைத்தால் கனெக்‌ஷன் ரெஃபரன்ஸுக்கு அங்கே கனெக்டர் இன்னும் இல்லை என்று இம்போர்ட் நின்றுவிடும்.

ஓஆத் சீக்ரெட் சொல்யூஷனோடு போகாது. இம்போர்ட் ஆனதும் கனெக்டரைத் திருத்தப் பக்கத்தில் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் புரொடக்‌ஷன் சீக்ரெட்டை இட்டுச் சேமியுங்கள். அப்போது அங்கே தெரியும் ரீடைரக்ட் யூஆர்எல் டெவலப்மென்ட்டில் இருந்தது அல்ல, அதையும் ஆப் ரெஜிஸ்ட்ரேஷனில் சேர்க்க வேண்டும். இது முடிந்த பிறகு கனெக்‌ஷன் உருவாக்கி, அதற்கப்புறம் இரண்டாவது சொல்யூஷன். கனெக்டரின் ஹோஸ்ட் பெயரை என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்திருந்தால் புரொடக்‌ஷனில் கையால் மாற்ற வேண்டியதில்லை. பெயரில் முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்க்காமல் வெறும் டொமைன் மட்டும் இடுங்கள்.

சீக்ரெட்டின் காலாவதி போர்ட்டலில் அதிகபட்சம் 24 மாதம். மேனேஜ்டு ஐடென்டிட்டி பக்கத்துக்கு அந்தக் கவலை இல்லை, கனெக்டருக்கு உண்டு. முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். அதைத் தனி ஒருவரின் காலண்டரில் போடாமல் குழுவின் பொது மெயில்பாக்ஸ் காலண்டரில் போடுங்கள்.